மீட்டர்க்காரன் மூக்கு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தான் என்று தெரியும், வாண்டுப்பயலின் நெஞ்சு நலமாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் எங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கும். ஒரு மானக்கேட்டை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே என்னைக் கொன்றுவிடுவாய், எழுதினால் அந்தச் சிரிப்பு என் காதில் விழாது. போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, உன் வயதுகூட இருக்காத ஒரு டாக்டரம்மாவிடம், எனக்கு அலர்ஜி இருக்கிறது என்று எழுதிக்கொடுங்கள் என அழாத குறையாகக் கெஞ்சினேன். மரம், புல், களைச்செடி என்று ஒவ்வொன்றின் மகரந்தத்திலும் ஒரு சொட்டைக் கையில் விட்டு ஊசியால் லேசாகக் குத்தினார்கள். எது ஆகாதோ அந்த இடம் கொசு கடித்த மாதிரி தடிக்குமாம். என் கை தேய்த்துக் கழுவிய தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. சில பேருக்கு மெதுவாகத் தடிக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக்கொடுத்தேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, உங்களுக்கு ஒண்ணுமில்ல சார், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க என்றார். எப்படிச் சந்தோஷமாகப் போவது? ஊரே என் மூக்கை நம்பி இருக்கிறது, நீ உட்பட.

போனில் உன்னிடம் பெருமையடித்தபோது பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள். ரயிலடிச் சாலை மரங்கள் பூக்கும் பருவத்தில் ஊரில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவது உனக்குத் தெரியும். போனில் வரும் மகரந்த நிலவரமோ, மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் 'மிதம்' என்றே சொல்லும். அதை அளக்கும் கருவி ஏதோ பெரிய நகரத்தின் மொட்டைமாடியில் இருக்கிறதாம், நம் ஊர் மரங்களை அதற்கு அறிமுகமே கிடையாது. நம் மருந்துக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடை வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, நமக்கு நாமே நிலவரம் எழுதுவோம் என்று கிளம்பினார். கருவிக்கு எங்கே போவது? தினமும் காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பேப்பர் பார்க்கிற ஆள் நான். பார்க்கும்போதே தும்முவேன். ஊர் முழுக்கக் குடிநீர் மீட்டர் படித்துக்கொண்டிருந்தவனை அவர் ஒரே நாளில் மீட்டராகவே ஆக்கிவிட்டார். நேற்றைய எழுத்தை டஸ்டரால் துடைத்து, அந்த டஸ்டரைக் கதவு நிலையில் நாலு தட்டுத் தட்டி, என்ன சார், இன்னிக்கு மூக்கு என்ன சொல்லுது என்பார். சும்மா ஒரு தும்மல் என்றால் 'குறைவு'. தொடர்ந்து வந்தால் 'மிதம்'. வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஆடினால் 'அதிகம்', அதைச் சிவப்பு சாக்பீஸில் ரெட்டைக் கோடு போட்டு, பலகை முழுக்க எழுதுவார்.

அதற்கப்புறம் உன் அப்பனுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்காதே. கட்டாத பில்லுக்காக என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்கள், திறந்து வைத்து, துணி வெளியே காயப் போடலாமா சார் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை மைதானத்தில் விடுவார். ஒரு தடவை 'அதிகம்' வந்துவிட்டால் அடுத்தடுத்த நாளும் 'அதிகம்'தான், லேசில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு எனக்குத் தும்மலே வராது. மரங்களுக்கும் வார விடுமுறை போலிருக்கிறது என்று நானே விளக்கம் கொடுத்தேன், வாத்தியார் தலையாட்டினார். நீ டிக்கெட் எடுத்த முதல் தடவையும் 'அதிகம்', இரண்டாம் தடவையும் 'அதிகம்'. குழந்தைக்கு இழுப்பு வரும், வராதே என்று சொன்னேன், நீயும் ரத்து செய்தாய். உன் அம்மா இரண்டு தடவை உன் அறையைக் கழுவி, மெத்தையை உதறி, திரைச்சீலை துவைத்து, இரண்டு தடவையும் கதவைச் சாத்தினாள். உங்க மூக்கால என் பேரன் வராமப் போச்சு, அவன் நடக்க ஆரம்பிச்சதே நான் போன்லதான் பாத்தேன் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான், அந்த மூக்கு மெய்யானது என்று நிரூபிக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஆஸ்பத்திரி முடிவை அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை முட்டிவலித் தைலம் வாங்க வேண்டும் என்று என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கடை வாசலில் அவர் துடைத்தார், தட்டினார், நான் தும்மினேன். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள். ஏங்க, மரம் அங்க நிக்குது, நீங்க இங்க தும்முறீங்க, அந்த சாக்பீஸ் தூசி உங்க மூஞ்சிக்கு நேரா வருதே, கண்ணு தெரியலையா ரெண்டு பேருக்கும் என்றாள். யோசித்துப் பார், பெரிதாக எழுத எழுத மறுநாள் துடைக்கத் தூசி அதிகம், தூசி அதிகமாக அதிகமாக நான் இன்னும் பெரிதாகத் தும்முவேன். நேற்றைய நிலவரத்தைத்தான் இன்றைக்கு நான் தும்மிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அக்கா, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து ஈரத்துணியால் துடைக்கிறார், எனக்குத் தும்மலே இல்லை, பலகையில் 'குறைவு' என்றுதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மாதமாகக் கைக்குட்டையும் கையுமாக இருந்த தையல்காரர், அதைப் படித்ததிலிருந்து தனக்கும் தும்மல் நின்றுவிட்டது என்கிறார்.

ஆகவே கண்ணு, தைரியமாக டிக்கெட் எடு. உன் அறை மூன்றாம் தடவையாகக் கழுவியாயிற்று. கிளம்பும் முன் அங்குள்ள டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள், என் மூக்கைக் கேட்காதே. வாண்டின் இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வை. மாப்பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லாதே, சொன்னாலும் ஆஸ்பத்திரிப் பகுதியை விட்டுவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

பதவி பறிபோன மீட்டர்,
உன் அப்பா

பி.கு.: இன்றைக்கு விடிந்ததிலிருந்து உன் அம்மா தும்மிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரு துண்டு சாக்பீஸ்கூடக் கிடையாது. ரயிலடிச் சாலையைப் பார்த்த உன் அறை ஜன்னல் கட்டையில் மஞ்சளாகப் பொடி படிந்திருந்தது. இதையெல்லாம் அவளுக்கு எழுதிட்டிருக்காதீங்க என்று சொல்லி, அதைத் துடைத்துவிட்டுப் போனாள்.