ஐந்தாம் பக்கத்து முட்டை

உன் கிட்பேக்கின் ஜிப்பைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தது. வியர்வையில் ஊறிய மட்டைக் கிரிப், காயாத சாக்ஸ். இந்த வளைகுடா நாட்டு ஈசா டவுனில் இத்தனை அத்தர் கடை இருந்தும் உன் பை மட்டும் திருந்தவே இல்லை. "வெள்ளிக்கிழமை நாங்க ஊருக்கே போறோம்ப்பா, நீயே வெச்சுக்கோ" என்று இன்று காலை உன் அம்மா கொடுத்தார். அடியில், சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த நம் நோட்டு. அவர் இதைப் பார்த்திருப்பாரோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன்.

ஊரில் ஹாக்கி அகாடமியில் சேர உனக்கு ஒரு அறிக்கை தேவைப்பட்டது. இளம் ஆட்டக்காரர்களின் வீடியோவைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று ஆன்லைனில் ஜாதகம் கணிக்கிறார்களே ஆய்வாளர்கள், அவர்கள் தரும் அறிக்கை. பழைய அறிக்கைகளைப் படித்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே கஞ்சி, கரண்டி மட்டும் வேறு. "நமக்கு மார்க் போடுறவனுக்கு யாருலே மார்க் போடுறது?" என்றாய், உன் கோவில்பட்டித் தமிழில். அன்றே நோட்டுப் போட்டோம். பக்கத்துக்கு ஓர் ஆய்வாளர், பத்துக்கு மதிப்பெண்.

இவர்கள் வீடியோவைப் பார்க்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம். அதனால் உன் ஆட்டத்தை இடவலமாகத் திருப்பி ஐந்து பேருக்கு அனுப்பினேன். ஹாக்கியில் இடக்கை மட்டையே கிடையாது. தட்டைப் பக்கம் எல்லோருக்கும் இடப்புறம்தான். திருப்பிய படத்தில் நீ உலகத்தில் இல்லாத மட்டையோடு ஓடினாய். நான்கு பேர் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஒருவர் "அபூர்வமான இடக்கை ஆட்டக்காரர்" என்று புகழ்ந்திருந்தார். நீ கேன்டீன் பெஞ்சிலிருந்து சிரித்தே விழுந்தாய்.

ஐந்தாமவர் எழுதினார்: "படத்தைத் திருப்பியிருக்கிறீர்கள், சிரித்தேன். பையனை இப்போது பரிந்துரைக்க முடியாது. கடைசிப் பகுதியில் மூன்று முறை முழங்காலில் கை ஊன்றி நிற்கிறான். பயிற்சிக் குறைவாகத் தெரியவில்லை. மருத்துவரிடம் காட்டுங்கள்."

"ஏமாத்தப் பாத்தோம்ல, அந்தக் கடுப்புல எழுதுறான்டா" என்றேன்.

"முட்டை போடுலே. அம்மாட்ட மட்டும் காட்டிராத. அவ நர்ஸுல்லா, இன்னிக்கே படுக்க வெச்சு ஈசிஜி ஒயர மாட்டிருவா."

போட்டேன். முட்டைக்கு மூக்கும் காலும் வரைந்து கோழிக்குஞ்சாகவே ஆக்கினேன்.

மூன்று மாதம் கழித்து, பள்ளி மைதானத்தில், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் நீ முழங்காலில் கை ஊன்றினாய். "டேய், நடிப்புக்குத் தனி மார்க் கிடையாது!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ குப்புற விழுந்தபோதும் நான் உடனே ஓடி வரவில்லை. அப்படி விழுந்து எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறாய் என்று எனக்குத்தானே தெரியும்.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறாம், நீ போன பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடி ஏதாச்சும் சொன்னானாப்பா? மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னு?"

"இல்ல ஆன்ட்டி."

நான் உண்மை சொன்னாலே யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பொய்யை மட்டும் அவர் அப்படியே நம்பினார்.

அந்த நால்வரை நான் இன்றும் நம்பவில்லை. ஐந்தாமவரையும் விடவில்லை, குத்துமதிப்பாக எழுதியிருப்பார், குருட்டாம்போக்கில் பலித்திருக்கும் என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. இன்று அந்த வீடியோவைத் திருப்பாமல் ஓடவிட்டு எண்ணினேன். மூன்று முறைதான்.

முட்டையை அடித்துவிட்டுப் பத்து போடப் பேனாவை எடுத்தேன். போடவில்லை. உன் அம்மா பார்க்க வேண்டியது அந்தக் கோழிக்குஞ்சைத்தான். இந்த மடலை மடித்து நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். நாம் அடித்துவிட்டு ஓடி ஒளிகிற அதே பெல். இந்த முறை கதவு திறக்கும்வரை நிற்பேன்.