கோடரித் தலை கழன்ற சேதி

நலம் பெருகுக. முகிலாற்று நாட்டின் இரு துறையும் காவல் கொண்டு, முடி சூடி ஒரு திங்களும் நிறையாத இளநங்கைத் தேவியார், கருங்கோட்டு மலைநாடு ஆளும் தம் தாய்மாமன் கொற்றந்தையார் திருமுன் விடுக்கும் ஓலை. மாமன் மலையில் மழை தவறாதிருக்க; மாமன் குதிரைகள் நோயின்றி இருக்க. இதை எழுத்தர் எவரும் எழுதவில்லை. மருமகள் தன் கையாலேயே கீறினாள். வரி கோணியிருந்தால் எழுத்தாணியின் பிழையன்று, விறகு வெட்டி ஓய்ந்த கை.

முன்னோர் கோடரியால் ஒரு மரக்கட்டையில் முதல் வெட்டு வெட்டிய பின்னரே புதிதாய் முடி சூடியவர் ஆணை செல்லும் என்பதும், அந்தக் கட்டையின் மறுமுனையைப் பகை தீர்ந்த அரசர் தலைப்பாகை கழற்றி, இரு கையாலும் பற்றி எதிரே அமர்வார் என்பதும் மாமன் அறிந்தவை. இம்முறை அமர இருப்பவர் தென்கரை அரசர் பிட்டனார். தந்தையார் காலமெல்லாம் நம்மோடு பொருது, சென்ற அறுவடையில்தான் சமாதானத்துக்கு இசைந்தவர்.

அந்தக் கோடரியின் தலை ஆடுகிறது, மாமா.

முடி சூடியவர் கையன்றி வேறு கை அதைத் தொடலாகாது என்பதால் தச்சரிடம் கொடுக்க வழியில்லை. மருமகள் தனக்குத் தோன்றியபடி அதைத் தண்ணீர்ச் சாடியில் ஊறப்போட்டாள். காம்பு பருத்து இறுகியது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிப் பிட்டனாருக்கு அழைப்பும் அனுப்பிவிட்டாள். வெயிலில் உலர்ந்ததும் காம்பு முன்னிலும் சுருங்கும் என்று அவள் அறியவில்லை. தோட்டத்தில் ஓங்கிப் பார்த்தபோது தலை கழன்று பறந்து, மெய்க்காவல் மாசாத்தியின் காதை உரசிப் போய்ப் பலாமரத்தில் பாய்ந்து நின்றது.

"தாயி, எம்மேல கோவம்னா வாயால சொல்லிருக்கலாம்ல?" என்றாள் மாசாத்தி. மரத்தில் நின்ற இரும்பைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கிற்று. "பிட்டன் நெத்தில இது பாஞ்சா, காம்பு ஆடுச்சுன்னு யாரு நம்புவா? கூப்பிட்டு வச்சுக் கொன்னுட்டாகன்னுதான பேசுவாக."

விழாவை ஒத்திவைத்தால் பிட்டனார் வஞ்சம் என்று ஐயுறுவார். வேறு கோடரி எடுத்தால் அரசவை ஏற்காது. மருமகள் கழன்ற காம்பை எடுத்துப் பார்த்தாள். நுனிப் பிளவில், ஆப்பு இருக்க வேண்டிய இடத்தில், மடித்துத் திணித்த பட்டுத்துணி. தந்தையாரின் மேலாடைக் கரை. அச்சமே அறியாதவர் என்று கல்லில் பொறிக்கப்பட்டவர், மாமா. கோடரி ஆடியதை அவரும் எவரிடமும் சொல்லவில்லை.

துணியைப் பிடுங்கிவிட்டுக் காம்பை அடுப்பருகே உலர்த்தினாள். இரும்பை மாட்டி, தலை கீழே தொங்கப் பிடித்து, காம்பின் அடியைக் கட்டையால் தட்டினாள். மாசாத்தியோ தொடக்கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓங்கி அடிங்க தாயி, பூவா தொடுக்கிறீக?" என்று விரட்டினாள். தட்டத் தட்ட இரும்பு காம்பில் ஏறி இறுகியது. பிளவில் காய்ந்த கருங்காலி ஆப்பை இறக்கி, கை ஓயும்வரை விறகு வெட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

ஆயினும் அந்தப் பட்டுத்துணியும் ஒரு காலத்தில் ஆடாமல்தான் இருந்திருக்கும். தன் வேலையை நம்பிப் பிறர் தலையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆதலால் நம் ஆணையாவது: வரும் பௌர்ணமியில் கோடரி பிட்டனார் கையில் இருக்கும், அவர் கையும் முடி சூடியவர் கையே. எதிரே முடியைக் கழற்றி வைத்துக் கட்டையைப் பற்றி அமர்பவள் இளநங்கை. இரும்பு மீண்டும் பறந்தால் அது அவர் செய்த வஞ்சமன்று, மருமகள் அடித்த ஆப்பின் குறை. அதன் பொருட்டு மலைப்படை ஓரடியும் கீழே இறங்கலாகாது. இவ்வோலையை அவையில் காட்டி, பிட்டனாரைத் தென்கரை சேரும்வரை மாமனே உடனிருந்து காக்க.

முதல் வெட்டு விழுமுன் இவ்வாணை செல்லாது என்பதை அறிவோம். அரச முத்திரையும் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆகவே, மாமன் மடியில் வைத்துக் காது குத்திய நாளில் போட்டுவிட்ட தோட்டை மருமகள் கழற்றி, அரக்கில் அழுத்தி மூடினாள். அதன் அச்சு மாமனுக்குத் தெரியும்.