பெட்டி மரக் கதவு

உன் அறையை இன்று ஒடிசாக்காரர்கள் இருவருக்கு வாடகைக்கு விட்டேன். நீ ஊருக்குப் போன பஸ் கவிழ்ந்து, நீ செத்து மூன்று மாதமாகிறது. இதுவரை அறை பூட்டியே கிடந்தது. திறந்ததும் மழையில் ஊறிய கதவிலிருந்து பைன் மர வாசனை வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அது நான் அடித்த கதவு. கம்பெனிகளில் இயந்திரம் வந்திறங்கும் மரப்பெட்டிகளை வாங்கி விற்பது என் தொழில். மிஞ்சும் பலகையில்தான் இங்கே வாடகை அறைகளுக்குக் கதவும் பரணும். வெளியே பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பி அடித்தேன். திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த நீ, படுத்தபடியே அதைப் படித்திருக்கிறாய்.

நீ இருந்தபோது பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. "தெக்கத்தி ஆளுங்க நம்ம புள்ளைங்க வேலையப் புட்சிக்கினானுங்க. ரூமைக் காலி பண்ணச் சொல்லு. இல்லாங்காட்டி ஒரு பலகை கம்பெனி கேட்டைத் தாண்டாது" என்றார் வேட்பாளர். கம்பெனி மரம் யாருக்குப் போவது என்பது அவர் கையில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உன்னைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்தேன்.

"வாங்க ஓனரே, வாடகைய ஏத்தப் போறியளா?" என்றாய்.

"இல்ல தலைவரே, ரூமை வுட்டுடு."

நீ கோபப்படவில்லை. கதவைச் சாத்தி, அதில் கறுப்பு மையில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னாய். அமெரிக்காவில் மூடிய ஓர் ஆலையில் இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தவர்கள் எழுதியது: 'இதோடு எங்கள் வேலையும் வருகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கீழே ஒன்பது கையெழுத்து.

"அங்க ஓட்டு கேக்கவன் இந்தியாக்காரன் திருடிட்டாம்னு ஏசுதான். இங்க ஓட்டு கேக்கவன் திருநெல்வேலிக்காரன் திருடிட்டாம்னு ஏசுதான். ஆலைய மூடுனவன் பேர மட்டும் ரெண்டு பேரும் சொல்ல மாட்டானுவ. அவங்கிட்டதான துட்டு வாங்குதானுவ!"

மறுநாள் வேட்பாளரிடம், "அவன் இங்கதான் இருப்பான். மரத்த நீயே வச்சிக்கோ" என்றேன். அவர் ஜெயித்தார், எனக்கு மரம் வருவது நின்றது. மறைமலை நகர்க் கம்பெனிகளில் அலைந்து வாங்கிப் பிழைத்தேன். அவர் முன்னால் தலை குனிந்து நடந்ததில்லை.

இன்று காலை அவரே வண்டியை நிறுத்தினார். "இந்திக்காரனுக்கா ரூம் வுட்ற? திருநெல்வேலி, மதுரைன்னு நம்ம ஆளுங்க எத்தினி பேர் வேலையில்லாம கீறானுங்க?"

நீ 'நம்ம ஆள்' ஆகிவிட்டாய்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திட்றதுக்கு உனக்கு எப்பவும் ஒர்த்தன் வோணும், பிரசிடெண்டு. என் வூட்ல தேடாத" என்றேன்.

ஒடிசாக்காரர்களிடம் பேசி முடித்தது இதுதான்: வாடகை இரண்டாயிரம், நீ கொடுத்த அதே தொகை; ஒரு மாத அட்வான்ஸ்; யார் வந்து மிரட்டினாலும் என்னிடம் சொல்ல வேண்டும்; அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது.