கரடிப் பக்கம் யார் படுப்பது?

கரடிக்குப் பயப்படாமல் அக்காவுக்கு மட்டும் பயந்த எங்கள் அன்பு அத்தானுக்கு,

உங்கள் கல்வராயன் மலைப் பயணத்துக்குத் திரும்பவும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். சிரிக்காதீர்கள். இந்தத் தடவை நிஜமாகவே.

எத்தனை கோடை அந்த மலைக்குத் திட்டம் போட்டீர்கள்! விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலையேறும் பஸ், ஓடைக்கரையில் தார்ப்பாய்க் கூடாரம், இரண்டு ராத்திரி. எங்களுக்கெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். நீங்கள் ஏ ஷிப்ட் என்றால் என் வீட்டுக்காரர், உங்கள் சகலை, சி ஷிப்ட். அதிசயமாக இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு வந்தால் நிலக்கரி மைன்ஸில் ஏதாவது ஒரு மெஷின் படுத்துக்கொள்ளும், கூப்பிட ஆள் வந்துவிடும். "தினமும் பூமிக்குள்ள எறங்குறவன் ஒரு தடவையாவது மேல ஏறக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே பூட்ஸை மாட்டுவீர்கள்.

அந்தக் கோபத்தில் ஒருநாள் வீட்டுத் தோட்டத்திலேயே கூடாரம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தார்ப்பாயை முருங்கையில் போய்க் கட்டினீர்கள். கிளை முறிந்து உங்கள் தலையிலேயே விழுந்தது. அப்புறம் வாசல் பக்கம் யார் படுப்பது என்று பஞ்சாயத்து. "நான்தான். கரடி வந்தா மொதல்ல எங்கிட்டப் பேசட்டும்" என்றீர்கள். "கரடிக்குத் தமிழ் தெரியுமான்னு கேட்டு வச்சுக்கோங்க" என்று அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். பிளாக்கே சிரித்தது.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

சரி, வீட்டு நிலவரம் சொல்கிறேன். அக்காவுக்கு டவுன்ஷிப் ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பெர்மனென்ட். அதே குவார்ட்டர்ஸ்தான். காலையில் டிபன் கேரியரோடு அவள் கிளம்புகிற மிடுக்கைப் பார்த்தால் நீங்களே ஒதுங்கி வழி விடுவீர்கள். ஆனால் ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ். கல்யாணம், கோயில், பண்ருட்டிக் கடைத்தெரு, எதற்குக் கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்பாள். முகம் கொடுத்துப் பேசுவாள், சாப்பிடுவாள், எல்லாம் செய்வாள். சிரிப்பு மட்டும் வராது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மலைப் பேச்சை எடுத்தது உங்கள் மகள் மாலாதான். காலேஜ் லீவுக்கு வந்தவள், "அப்பா சொன்ன மலைக்குப் போலாம் சித்தி. ஆனா அம்மா வந்தாத்தான் நான் வருவேன்" என்று ஒரு முடிச்சைப் போட்டாள். அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். "நீங்க போயிட்டு வாங்க."

சாமான்களைக் கண்ணில் காட்டினாலாவது ஆசை வராதா என்று, போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுத் தோட்டத்தில் ஒத்திகை வைத்தோம். எதிர் வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் படம் போடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று உங்கள் சகலை ஒரே பறப்பு. உங்கள் தார்ப்பாயை எடுத்து விரித்தால் வடக வாசனை மூக்கைத் துளைக்கிறது. வருஷம் முழுக்க அக்கா அதில் வடகம் காயப் போட்டிருக்கிறாள். கரடி வந்தால் அதற்காகவே வரும். இந்த முறை முருங்கையை நம்பாமல் வேப்பமரத்திலும் துணி காயப்போடும் கம்பத்திலும் கட்டினோம்.

மூட்டை கட்டுகிற பொறுப்பு சகலைக்கு. ஷிப்ட் தொடங்கும்போது டூல்ஸ் சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வைத்தார். அரிசி. பருப்பு. குண்டான். கரண்டி. கடைசியில் ஒரு பொருளைக் கோணியில் பக்குவமாகச் சுற்றி வைத்தார். நான் பார்த்தேன், மாலாவும் பார்த்தாள், இரண்டு பேரும் சரி என்று தலையாட்டினோம்.

ஹீட்டர், அத்தான். நாம் தினமும் சோறு வடிக்கிற அதே கரென்ட் ஹீட்டர். கூடவே ஒரு ஸ்பேர் காயில்!

பின்வாசல் படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் தம்பி, மலையில எந்த மரத்துல பிளக் பாயிண்ட் வச்சிருக்காங்க?"

சகலை ஹீட்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அதுக்குத்தானுங்க அக்கா, ஒயரு நீளமா எடுத்திருக்கேன்" என்றார், மெதுவாக.

அக்கா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்த முடியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாலா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களைச் சொல்லி என்ன பயன்? ஊருக்கெல்லாம் கரென்ட் அனுப்புகிற இடத்தில் குடியிருக்கிறோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவிட்சைத் தட்டினால்தான் எனக்குச் சோறு. மலையில் அது இருக்காது என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

நல்லவேளை, நமக்குக் கீரை கொடுக்கிற வடக்குத்து கிராமத்து அஞ்சலை முந்திரிச் சுள்ளிக் கட்டோடு அந்தப் பக்கமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்சம் கேட்டேன். "என்னாம்மா, குவாட்டர்ஸ்காரவுங்க சுள்ளி கேக்குறீங்க? வூட்ல கரென்ட்டு நின்னுபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்று கல் வைத்தாயிற்று. சகலை குச்சி குச்சியாகக் கிழித்தார். புகைதான் வந்தது. "எங்களுக்குத் தீய அணைக்கத்தானுங்க டிரெய்னிங் குடுத்திருக்காங்க, மூட்டறதுக்கு இல்ல" என்றார். டி.வி. வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்து, யார் வீடு எரிகிறது என்று கேட்டார்.

"தள்ளுங்க எல்லாரும்." அக்கா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் சின்ன வயதில் விறகடுப்பு ஊதியவள்தானே? முதல் தடவை அவளுக்கும் அணைந்தது. திட்டிக்கொண்டே சுள்ளியைப் பிரித்து அடுக்கி, குனிந்து ஊதினாள். பற்றிக்கொண்டது. அதில் போட்ட காப்பியில் புகை நாற்றம். ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தோம். படம் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது, சகலை அதை மறந்தே போனார்.

"இதுகளை நம்பி அனுப்பினா எம் புள்ள பட்டினிதான்" என்றாள் அக்கா.

"அப்போ நீயும் வாயேன்க்கா" என்றேன். மறுபடியும் அந்த மூன்று வார்த்தைதான் வரப்போகிறது என்று தம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவள் எழுந்து போய்க் கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தாள். கயிற்றை இழுத்துப் பார்த்தாள். தார்ப்பாயை ஒரு தடவை தடவினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஆபீஸில் சொல்வது போலக் கறாராகச் சொன்னாள். "தம்பி அந்தக் கோடி. பக்கத்துல நீ. அதுக்கு இந்தப் பக்கம் மாலா."

"வாசப் பக்கம் யாரும்மா?" என்றாள் மாலா.

"நான்தான். கரடி வந்தா நான் பேசிக்கிறேன்."

அத்தான், உங்களுக்குக் கேட்டதா?

ஷிப்டை மாற்றிக்கொள்ள சகலைக்கு ஆள் கிடைத்துவிட்டார். அக்கா லீவு சொல்லிவிட்டாள். மலையில் தங்க வனத்துறைக்காரர்களிடமும் அனுமதி வாங்கியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ். இது உங்கள் மேல் ஆணையாக நான் தருகிற வாக்கு: எந்த மெஷின் படுத்துக்கொண்டாலும் நாங்கள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. உங்கள் மனைவியை உங்கள் மலையின் மேலே ஏற்றி, உங்கள் இடத்தில் படுக்க வைத்துத்தான் திரும்புவோம். ஹீட்டரைப் பரணில் போட்டுப் பூட்டியாயிற்று.

இப்படிக்கு,
வாசலிலிருந்து மூன்றாவதாகப் படுக்கப் போகும்
உங்கள் ஒரே மச்சினி
வசந்தா