அன்னநடைக்குப் பை இல்லை

12.10.1996, சனி
றக்வான பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் மஷூர் நானா இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். பல்வலி என்றார். மாத்திரை கொடுத்ததும் வலி போய் விஷயம் வந்தது.
"ஐயா, புள்ளைங்க உடுப்பு புதுசா வந்திருக்கு. தீவாளிக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்களேன். இந்தத் தோட்டத்துல புத்தகம் படிக்கிற ஆள் நீங்கதானே."
இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. எழுதினேன்:
"சீறும் சிங்கக்குட்டிக்கு நான்கு பை வைத்த முரட்டுக் காற்சட்டை! அன்னநடை பயிலும் குட்டி இளவரசிக்கு மெல்லிய கவுன்!"
பதினேழு வருடமாக இத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிறேன். இவர்கள் இருவரையும் சந்தித்ததில்லை.

15.10, செவ்வாய்
பள்ளியில் தடுப்பூசி. சிங்கங்களில் மூன்று பெஞ்சுக்கு அடியில். ஒன்று தேயிலைக்குள் ஓடியது; அதன் அக்கா போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

20.10, ஞாயிறு
நோட்டீஸ் அச்சாகி வந்தது. எங்கள் மகள் செல்வி, ஒன்பது வயது, சத்தமாகப் படித்தாள்.
"இளவரசி யாருப்பா?"
"நீதான்."
"அப்ப சிங்கக்குட்டிக்கு மட்டும் ஏன் பை?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அவசரம். ஓடையில் பொறுக்கிய கற்கள் எல்லாம் என் மாத்திரைப் போத்தல்களில் இருக்கின்றன. தீபாவளிக்கு வீடு கழுவும்போது அத்தனையும் ஓடைக்கே போகும் என்று என் மனைவி மல்லிகா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உடுப்பில் வைத்துச் சுமக்கிற கல்லுக்கு மட்டும் விலக்கு.
"கவுன்ல பை வேணும்மா."
"எங்கிட்ட கேக்காத. நோட்டீஸ் எழுதின மகராசன்கிட்ட கேளு."

27.10, ஞாயிறு
செல்வியோடு கடைக்குப் போனேன். கவுனில் ரிப்பன் இருந்தது, பூ இருந்தது, சரிகை இருந்தது. பை இல்லை. வைத்துத் தைக்க முடியுமா என்றேன்.
மஷூர் நானா சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். "பை ஆம்பளப் புள்ளைக்குத்தானே ஐயா. நீங்களே எழுதியிருக்கீங்க."
என் வாக்கியம் எனக்கெதிராகச் சாட்சி சொன்னது. நல்ல தெளிவான சாட்சி.
"பொம்பளப் புள்ள பையில என்னத்தப் போடப் போவுது?"
"கல்லு," என்றாள் செல்வி.
மாணிக்கக்கல் தோண்டும் இரத்தினபுரி மாவட்டத்தில் இந்தச் சொல்லுக்கு யாரும் சிரிப்பதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "எந்த ஓடை, மகள்?"
அவள் காட்டிய நீலத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அது என் டிஸ்பென்சரியில் உடைந்த போத்தலின் சில்லு. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே தையல்காரர் முத்துவீரனைக் கூப்பிட்டார்: "ரெண்டு பை. பட்டனும் வையுங்க. கல்லு விழப்படாது."
புத்தகங்களிலிருந்து நான் திரட்டிப் போயிருந்த வாதங்கள் அப்படியே வீடு திரும்பின.

4.11, திங்கள்
தொழிலாளர் லயத்துப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் பை வைத்த கவுன் வேண்டுமாம். முத்துவீரனுக்குச் சாப்பிட நேரமில்லை. மஷூர் நானா இரண்டாவது நோட்டீஸ் கேட்டார். "பிள்ளைகள் உடுப்பு. எல்லாவற்றிலும் பை உண்டு" என்று எழுதிக் கொடுத்தேன்.
"சிங்கம் போச்சே ஐயா," என்று வருந்தினார்.

10.11, தீபாவளி
வீடு கழுவியாயிற்று. போத்தல்கள் காலி. செல்வியும் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளும் கோயிலுக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் பை நிறையக் கல். அதனால் ஓடவில்லை, குதிக்கவில்லை. ஒவ்வோர் அடியாக, பக்கத்துக்குப் பக்கம் அசைந்து, மெல்ல மெல்ல. எங்கோ வெடி வெடித்தது. ஒரு சிங்கம் ஓடிவந்து அக்காவின் பையைப் பற்றிக்கொண்டது.
"விடுடா, கல்லு இருக்கு!"
மல்லிகா வாசலில் நின்று பார்த்தாள். "நீங்க எழுதினது சரிதாங்க. அன்னநடையேதான்."
பாராட்டை அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டேன்.