ஐந்து நாடுகள் கைதட்டிய அடுப்பு

அன்புள்ள கற்பகத்துக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலம்தானே? கால் வீக்கம் வடிந்ததா? கொச்சி மட்டாஞ்சேரியில் நான் சுகமாகவே இருக்கிறேன்.

சந்தைக் கழிவிலிருந்து மீத்தேன் எடுக்கும் எங்கள் தொட்டியைப் பார்க்க, போன வாரம் ஐந்து நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். முந்தின நாள் யாரோ ஒரு லாரி எலுமிச்சைத் தோலைக் கொட்டியதில், புளிப்பு தாங்காமல் வாயு நின்றுவிட்டது. சூப்பர்வைசர் சஜி சேட்டன், "எடா முத்தே, நாளைக்குத் தீ எரியணும், அத்ரதன்னே" என்றார்; அவ்வளவுதானாம். நான் சுவருக்குப் பின்னால் சமையல் சிலிண்டரை வைத்து அடுப்புக் குழாயில் மாட்டினேன். நீலச் சுடரைப் பார்த்து ஐந்து நாடுகளும் கைதட்டின. பூமியின் சூடு தணிய இதுவே வழி என்று ஒருவர் கண் கலங்கினார்.

இவ்வளவு சுத்தமான சுடரை அவர்கள் எங்குமே பார்த்ததில்லையாம். ஆகவே அவர்களுடைய ஆட்களுக்கு நான் ஆறு மாதம் பயிற்சி தரவேண்டும் என்று கையெழுத்தாகிவிட்டது. உன் வளைகாப்புக்குக் கேட்ட லீவு ரத்து.

"உண்மையைச் சொல்லிடட்டுமா சேட்டா?" என்று கேட்டேன்.

"சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போகாம். பின்னே வேலைக்கு வரவே வேண்டா."

உன் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. இங்கே கழிவு நாற்றத்தில் தூக்கம் பிடிப்பதில்லை. வளைகாப்புக்கு வருகிறவர்களிடம், நான் ரயிலில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிடு. சந்தை வண்டி வந்துவிட்டது, போகிறேன்.

இசக்கிமுத்து