பாத்திரம் கழுவுகிற இடம்

நல்லம்பள்ளி,
12.4.1986

அன்பு மகன் முனிராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. தர்மபுரியில் பிளான் போடும் சவுரியப்பன் நம் கொல்லையை அளந்து வரைந்து உனக்கு அனுப்பி, நீ கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிய சமையல்கட்டுப் பிளானும் வந்தது. வைகாசியில் பேரனுக்குக் காது குத்த வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் புதன்கிழமை வேலை தொடங்க வந்த மாது கொத்தனாரைத் திருப்பி அனுப்பியது நான்தான், அவன்மேல் கோபப்பட்டு எழுதாதே. அந்தப் பிளானில் ஒரு இடத்தை நான் விடமாட்டேன். அது எது என்று கடைசியில் சொல்கிறேன், அதை முதலில் எழுதிவிட்டால் பிறகு அடுப்பைப் பற்றி எழுத எனக்கு மனசு வராது.

நீ அனுப்பிய கலர் போட்டோவை நாலு தடவை பார்த்தேன். உன் மேனேஜர் வீட்டுத் தோட்டத்தில் அடுப்பு எரிகிறது, பக்கத்திலேயே நாற்காலி போட்டு விருந்தாளிகள் கண்ணாடித் தம்ளரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் கொல்லையிலும் அப்படியே வேண்டும், பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்கிறாய். வரட்டும். இருநூறு பேருக்குச் சோறு வேகிற கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்காரனும் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான். அடுப்பை மேற்கே வைத்துப் பந்தலைக் கிழக்கே போட்டிருக்கிறாய். வைகாசி பாதிக்குமேல் இங்கே மேல்காற்று எப்படி அடிக்கும் என்பது அதற்குள் மறந்துபோய்விட்டதா? புகை மொத்தமும் பந்தலுக்குள் போய், காது குத்தாமலே உன் விருந்தாளிகள் அழுவார்கள். பந்தல் மேற்கே வேப்பமரத்து நிழலில் இருக்கட்டும், அடுப்பு கிழக்கே முப்பது அடி தள்ளி இருக்கட்டும், புகை காட்டுப் பக்கம் போய்விடும். அடுப்புக்குமேல் தாழ்வாகச் சிமெண்ட் சீட்டு போட்டிருக்கிறாய், அதற்குக் கீழே நின்று கிண்டுகிறவனும் சேர்ந்துதான் வேகவேண்டும். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை. அரிசி களைந்த அண்டாவை இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றியா போவார்கள்? தொட்டி அடுப்புக்குப் பத்தடியில் இருக்கவேண்டும், விறகு அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும். காய் நறுக்குகிற மேடை மத்தியான வெயில் படாத இடத்தில் வேண்டும். பரிமாறுகிறவர்கள் போக ஒரு வழி, காலிப் பாத்திரத்தோடு திரும்ப ஒரு வழி விடவேண்டும், இல்லாவிட்டால் சாம்பார் வாளியோடு முட்டிக்கொள்வார்கள். கஞ்சி வடிக்க உன் பிளானில் இடமே இல்லை. மஸ்கட்டில் யாரும் சோறு வடிப்பதில்லை போலிருக்கிறது.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் அக்கா கல்யாணத்துக்கு இதே கொல்லையில் நானூறு பேருக்குச் சமைத்தோம். முதல் நாள் சாயங்காலம் உன் அப்பா ஒரு பிடி புழுதியை அள்ளி மேலே தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் அடுப்பு வெட்ட ஆளை விட்டார். ஒருத்தர் கண்ணும் கரிக்கவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

இனி அந்த இடம். கிணற்றுக்குத் தெற்கே பத்துக்குப் பன்னிரண்டு என்று கோடு கிழித்து, காலியிடம், பாத்திரம் கழுவ, என்று எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில் நீலமையில் சரி என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். முனிராஜு, அங்கேதான் உன் அப்பாவை வைத்திருக்கிறோம். சவுரியப்பனைக் குறை சொல்லமாட்டேன், நான் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தபோது வந்து அளந்திருக்கிறார், அவர் கண்ணுக்கு அது வெறும் தரைதான். ஆனால் நீ? நான் வெட்டின கிணற்று ஓரத்திலேயே என்னை வையுங்கள், மோட்டார் ஓடுகிற சத்தமாவது கேட்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதை உனக்கு எழுதியிருந்தேன். முந்தின வருஷம் ஐப்பசியில் அவர் கண்ணை மூடியபோது லீவு கிடைக்கவில்லை என்று நீ வரவில்லை, அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. போன வைகாசியில் நாலு நாள் வந்தாய், அதில் இரண்டு நாள் பெங்களூரில் போயிற்று. ஒரு சாயங்காலம் அந்த இடத்தில் பூட்சோடு நின்று கும்பிட்டுவிட்டு, இங்கே யாரும் எதுவும் கட்டவேண்டாம் அம்மா, கருங்கல்லில் நானே கட்டுகிறேன் என்றாய். உன் வாக்கை நம்பி நான் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. அதை இரண்டு கடிதத்தில் எழுதினேன், பொறு அம்மா என்று இரண்டு தடவையும் பதில் போட்டாய்.

புதன்கிழமை பிளானைக் கையில் வைத்துக்கொண்டு மாது கயிறு பிடித்துப் பார்த்தான். கயிறு அந்த இடத்துக்கு வந்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். உன் அப்பாவுக்குக் குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். "ஏனுங்கம்மா, இங்க நம்ம அய்யா இருக்காருங்களே, இதுல எப்புடிங்க கடப்பாரைய எறக்கறது? முனிராஜு தெரியாம எழுதிட்டாப்லயாட்டம் இருக்குதுங்க" என்றான். உனக்காக அவன் சமாதானம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கூலிக்கு வந்தவனுக்கு நினைவிருக்கிறது. கறி தின்ற தட்டும் எச்சில் தண்ணீரும் அவர் தலைமேல் கொட்டட்டும் என்று பெற்ற பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறான். அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை, வெறுத்துப்போய்விட்டது. பெற்றதும் வளர்த்ததும் இதற்குத்தானா என்று உன்னைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன்.

வியாழக்கிழமை மாதுவை நானே கூப்பிட்டனுப்பினேன். அடுப்புக்கென்று நீ இறக்கச் சொன்ன செங்கலில் உன் அப்பாவுக்கு முழங்கால் உயரத்துக்குக் கட்டி, விளக்கு வைக்க ஒரு மாடம் விட்டு, இன்று சுண்ணாம்பும் அடித்தாயிற்று. உன் கருங்கல்லுக்கு இனி நான் காத்திருக்கப்போவதில்லை. செங்கல் குறைந்ததால் ஐந்து அடுப்புக்குப் பதில் நாலுதான் வரும், நாலு போதும். பாத்திரம் கழுவத் தென்னைமரத்தடியில் சரிவு இருக்கிறது, தண்ணீர் தானாக வாழைக்கு ஓடிவிடும். பிளானை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். காலியிடம் என்பதை அடித்துவிட்டு அப்பா என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். அதன் பக்கத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது என் கைக்கு வந்த பிறகுதான் மாது அடுப்பு வேலையைத் தொடுவான்.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். எவ்வளவு கோபமிருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் என் வாயில் வருகிறது, நன்றாக இரு. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. வந்து இறங்கியதும் அடுப்பைப் பார்க்கப் போகாமல், பூட்சைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போ. யாரும் உனக்குக் காட்டவேண்டியதில்லை, வெள்ளையடித்திருப்பதால் ரோட்டிலிருந்தே தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
பெ. ராணியம்மாள்